மாமன் கொடுத்த ரத்தம்

ரத்தப் பிரிவில் வேலை பார்க்கிற நீங்கள் என்னைப் பேசச் சொன்னது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துபோனோம் என்று சொல்லக் கூடாது. அந்தச் சிகிச்சை நடக்கிற அறையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. தேனியில் இருபது கட்டில் போட்ட ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில், ரத்தப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவள் நான். அந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை, அந்த இடத்தில் ஜவுளிக்கடை நடக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு மஜ்ஜை ஒட்டுகிற வாய்ப்பை, அந்தப் பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியின் வாசலை மிதிப்பதற்குப் பல வருஷம் முன்பே, எங்கேயோ ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்ற ஒருத்தி கெடுத்துவிட முடியும். நான் கெடுத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இப்போது நீங்கள் ஸ்டெம் செல் என்கிறீர்கள். எண்பதுகளில் எங்களுக்கு அது மஜ்ஜைதான். பரிசோதனை முறையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதைச் சொல்லித்தர நான் வரவில்லை.

நான் செங்கல்பட்டுப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இந்தக் கூட்டத்துக்கு வேண்டாத கதை. தேனிக்கு வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தங்கினேன். அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்தால் இரண்டாவது வார்த்தையிலேயே ஏதாவது ஒரு உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள். போடியில் கடை வைத்திருப்பவர், சின்னமனூரில் தோட்டம் வைத்திருப்பவருக்கு எப்படியாவது சித்தப்பா ஆகிவிடுவார். என்னிடமும் "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். நான் பதில் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே குடும்பம் குடும்பமாகப் போகும்போது, நான் மாடியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை.

அந்தக் காலத்தில் ரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. குடிப்பதற்காக ரத்தம் விற்கிறவர்கள் நாலைந்து பேர் ஆஸ்பத்திரி வாசலில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் எடுக்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பதிலுக்கு நோயாளியின் சொந்தக்காரர்களைப் பிடித்து இழுப்பேன். ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தால் துணைக்குப் பத்துப் பேர் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் என்றதும் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மயக்கம், ஒருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நான் நடுவில் போய் நின்று, "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்வீங்க, இங்க ஒரு தசையும் ஆடக் காணோமே" என்பேன். வெட்கப்பட்டு இரண்டு பேராவது எழுந்து வருவார்கள். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பேச்சியம்மாள் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தது இந்தச் சமயத்தில்தான். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர், சின்ன விவசாயக் குடும்பம். பெண்ணின் பெயர் ஈஸ்வரி, இரண்டு வயது. முகம் வெளுத்து, வயிறு மட்டும் உப்பி இருந்தது. சோகை என்று சொல்லி யார் யாரோ இரும்புச் சத்து டானிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் பார்த்தவுடன் சந்தேகப்பட்டு, மதுரைக்கு அனுப்பி உறுதி செய்தார். தாலசீமியா. தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்குப் பாதிப் பழுது ரத்தத்தில் இருக்கும். அவர்களை அது ஒன்றும் செய்யாது. இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளையின் உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. பேச்சியும் அவள் புருஷனும் மாமன் மகள், அத்தை மகன். மூத்த பையன் பாண்டி நன்றாக இருந்தான். இளையவளுக்கு இப்படி வந்துவிட்டது.

"மாசாமாசம் ரத்தம் ஏத்தினா பிள்ளை இருக்கும், ஏத்தலைன்னா இருக்காது" என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்.

முதல் பாட்டிலுக்கு ஓடி வந்தவன் பேச்சியின் தம்பி சுருளி. மேகமலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. தகவல் கிடைத்ததும் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு அந்தக் கரடுமுரடான பாதையில் சின்னமனூருக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"எங்கன படுக்கணும்க்கா?"

"சட்டையைக் கழட்ட வேண்டாம், கையை மடிச்சு விட்டாப் போதும். வேற யாராவது இருந்தாலும் எடுக்கலாம், நீ இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்."

"என்னக்கா பேசுறீக. என் மடியில வச்சுத்தான் அவளுக்குக் காது குத்துனது. மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். வேத்தாள் ரத்தம் எதுக்கு?"

எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போனது. ரத்தம் என்றால் ஓடி ஒளிகிற ஊரில் இப்படி ஒருத்தன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருவான். அவன் கொடுக்க முடியாத மாதங்களில் பெரியப்பா மகன், சித்தப்பா என்று அவனே ஆள் பிடித்து அனுப்புவான். ஈஸ்வரிக்கு ஏறியது முழுக்கச் சொந்த ரத்தம். இதை நான் டாக்டரிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். ஈஸ்வரி வர ஆரம்பித்த இரண்டாம் வருஷம் மதுரையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கடைசி நாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாடம் எடுத்த டாக்டர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். பிறவியிலேயே ரத்தக் குறை உள்ள பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் மஜ்ஜை மாற்றுகிறார்கள், கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் குணமாகலாம், அப்படி வாய்ப்புள்ள பிள்ளைக்குக் குடும்பத்தார் ரத்தத்தை ஏற்றிவிடாதீர்கள் என்றார். காரணமும் சொன்னார். மாமன் ரத்தத்தில் இருக்கிற சின்னச் சின்ன அடையாளங்கள் அண்ணனிடமும் இருக்கும். மாமன் ரத்தம் ஏறும்போதே பிள்ளையின் உடம்பு அவற்றை எதிரி என்று தெரிந்துவைத்துக்கொள்ளும். நாளைக்கு அண்ணன் மஜ்ஜை உள்ளே வந்தால், தெரிந்த எதிரிதானே என்று அடித்து விரட்டிவிடும். நான் இதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஈஸ்வரியை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். உடனே இன்னொன்றும் தோன்றியது. வெளிநாட்டு வைத்தியம், மஜ்ஜை மாற்று, இதெல்லாம் பேச்சிக்கு எங்கே வரப் போகிறது? பக்கத்து ஊர் தேவாரத்தைத் தாண்டினால் தேனி, தேனியைத் தாண்டி மதுரை, அவ்வளவுதான் அந்தக் குடும்பம் பார்த்த உலகம். வெளி ஆட்களிடம் ரத்தம் தேடி நான் எங்கே அலைவது? அடுத்த வாரம் சுருளி வந்து கையை நீட்டினான். எடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் எத்தனையோ தப்பு செய்வீர்கள், பாட்டில் மாறும், லேபிள் மாறும், அதையெல்லாம் தடுக்க வழி இருக்கிறது. நான் செய்தது வேறு மாதிரி. இன்னாருக்கு இன்ன வைத்தியம் வரும், இன்னது வராது என்று அவர்களைக் கேட்காமல் நானே முடிவு கட்டிவிட்டேன். யாரும் என்னை அந்த முடிவை எடுக்கச் சொல்லவில்லை.

வராது என்று நினைத்தது வந்தது. ஈஸ்வரிக்கு ஆறரை வயது நடக்கும்போது, தூரத்தில் ஒரு பெரிய ஊரில் ஒரு ஆஸ்பத்திரி மஜ்ஜை மாற்றத் தொடங்கியிருப்பதாக எங்கள் டாக்டருக்கு அவர் நண்பர் எழுதினார். டாக்டர் கடிதம் கொடுத்துக் குடும்பத்தையே அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்ததில் அண்ணன் பாண்டியின் மஜ்ஜை அப்படியே பொருந்தியது. பேச்சி திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடவே அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவமும் வந்தது. இதுவரை ஏற்றிய ரத்தத்தின் விவரம் எல்லாம் கேட்டு, நடுவில் ஒரு கேள்வி: குடும்பத்தார் யாருடைய ரத்தமாவது ஏற்றப்பட்டதா?

படிவத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அதை வாங்கிப் படித்தார்.

"அங்க இப்போதைக்கு ஒரே ஒரு ரூம். வரிசையில பிள்ளைங்க காத்திருக்கு. ரிஸ்க் அதிகம்னு தெரிஞ்சா இவளைத் தள்ளி வச்சுடுவாங்க. நீ பாத்து எழுது" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனால் 'பாத்து எழுது' என்ற வார்த்தையை உங்கள் மேலே இருப்பவர்கள் உங்களிடமும் ஒருநாள் சொல்வார்கள். அன்றைக்குப் பேனா உங்கள் கையில் இருக்கும், அவர்கள் கையில் ஒரு சொட்டு மையும் ஒட்டியிருக்காது.

பேச்சியையும் சுருளியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். சுருளிக்கு முதலில் பிடிபடவில்லை.

"என் ரத்தம் அவளுக்கு ஆகாதா?"

"ஆகும். இத்தனை நாள் அவ உசுரோட இருந்ததே அதாலதான். ஆனா மஜ்ஜை மாத்துறதுக்கு அது இடைஞ்சல்."

பேச்சி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எழுதாட்டி அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பெறகென்னக்கா. எழுதாதீக."

"அவங்களுக்குத் தெரியாம செஞ்சு, மஜ்ஜையும் ஒட்டாமப் போச்சுன்னா பிள்ளை உசுருக்கே மோசம் பேச்சி. தெரிஞ்சா அதுக்குத் தகுந்த ஏற்பாடு செய்வாங்க."

"செய்வாகளா, இல்ல திருப்பி அனுப்பிருவாகளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

சுருளி எழுந்து நின்றான். "என் பேருக்கு வேற எவன் பேராச்சும் போடுங்கக்கா. நான் ஒரு சொட்டுகூடக் குடுத்ததில்லைன்னு எந்தக் கோயில்ல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

மாமன் ரத்தம், மாமன் ரத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் வாயிலிருந்து வந்தது இது.

அவர்கள் போன பிறகு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெயரை மாற்றினால் போதும். பிள்ளைக்கு வரிசையில் இடம் கிடைக்கும், பேச்சி என்னைக் கும்பிடுவாள். அதோடு மதுரை வகுப்பில் நான் அடிக்கோடு போட்ட வரியும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். இந்தக் கடைசி விஷயம் மனசில் ஓடியதும்தான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு முடிவு அடுத்தவருக்கு நல்லதாகவும் நமக்குச் சவுகரியமாகவும் சேர்ந்து வந்தால், அதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நான் அந்தப் பொய்யை ஈஸ்வரிக்காகச் சொல்லப் போகிறேனா, எனக்காகச் சொல்லப் போகிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கேட்க ஒரு ஆள் கிடையாது. மாடி அறைக்குப் போனால் அங்கேயும் நான்தான்.

எழுதினேன். யார், என்ன உறவு, எத்தனை தடவை, எல்லாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: குடும்பத்தார் ரத்தத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் ஏற்றினேன், பொறுப்பு என்னுடையது. டாக்டர் படித்துவிட்டு என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பேச்சியிடமும் சொன்னேன். எழுதி அனுப்பிவிட்டதையும் சொன்னேன், முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"தெரிஞ்சுமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பி அனுப்பவில்லை. தள்ளிவைத்தார்கள். ஒரு வருஷம் வெளி ஆட்கள் ரத்தம் மட்டும் ஏற்றுங்கள், பிறகு கூப்பிடுகிறோம், மற்றப் பிள்ளைகளைவிட இவளுக்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் முயற்சி செய்கிறோம் என்று பதில் வந்தது. அந்த வருஷத்தில் பேச்சி மாதாமாதம் பிள்ளையைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பேசாத ஒருத்தியிடம்தான் தன் பிள்ளையின் கையை நீட்ட வேண்டும். அது எனக்குக் கஷ்டம் என்றால் அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்வேன். ஈஸ்வரி மட்டும் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"பெரியம்மா, அம்மா ஏன் உங்ககூடப் பேச மாட்டேங்குது?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் ஆத்தா. கையை ஆட்டாத."

"எங்கூடயும் அப்பப்ப பேசாது. பெறகு பேசிரும்."

வெளி ஆள் தேடுவது நான் பயந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சுருளி ஒருநாள் தோட்டத்துத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயன் வீடுகளிலிருந்து ஆறு பேரை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அவன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"இவங்க பிள்ளைக்குச் சொந்தமா?" என்றேன்.

"ஆமாக்கா, எல்லாம் நம்ம ஆளுகதான்" என்றான், பழைய பழக்கத்தில், அதைச் சொன்னால்தான் நான் எடுப்பேன் என்கிற மாதிரி. "இவரு எனக்கு மச்சான் முறை. அந்தா நிக்கிறவரு பெரியப்பா முறை."

வாயால் வந்த முறையா, ரத்தத்தில் வந்த முறையா என்று ஒவ்வொருவரையும் குடைந்து கேட்டேன். மூன்று தலைமுறை பின்னால் போனால் எல்லாரும் எங்கேயோ ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கம்பத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு மலையாளி வந்தார். "கொச்சுப் பிள்ளையல்லே, எடுத்தோ சேச்சி" என்று, சின்னப் பிள்ளைதானே, எடுத்துக்கோ என்கிற அர்த்தத்தில், கையை நீட்டினார். போடி பஜாரில் கிறிஸ்தவ ஜவுளி வியாபாரி ஒருவர், ராமநாதபுரத்துக்காரரான ஒரு பஸ் கண்டக்டர், இப்படித் தேடித் தேடிப் பிடித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் படுத்துக்கொண்டேன், என் குரூப்பும் அதேதான். அந்தப் பள்ளத்தாக்கில் இவளுக்கு ஒரு வகையிலும் உறவு இல்லை என்று நான் உறுதியாகச் சொல்லக் கூடிய ஆள் நான்தான். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சந்தோஷப்படுகிற விஷயமா இது என்று அழுகையும் வந்தது.

கூப்பிட்டார்கள். குடும்பம் போனது. பேச்சியின் புருஷன் எனக்குக் கார்டு போடுவார். மஜ்ஜை ஏற்றியாகிவிட்டது, பாண்டி நன்றாக இருக்கிறான் என்று ஒன்று. கண்ணாடி வழியாகத்தான் பிள்ளையைப் பார்க்கிறோம் என்று ஒன்று. அப்புறம் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பேன். கடைசியில் வந்த கார்டில், அண்ணன் மஜ்ஜை ஒட்டவில்லை, அவளுடைய பழைய ரத்தமே திரும்ப ஊறுகிறதாம், உயிருக்குப் பயமில்லை, ஊருக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு நான் தனியாக எழுதிக் கேட்டேன், சொந்த ரத்தம்தான் காரணமா என்று. அப்படி ஏற்றாத பிள்ளைகளுக்கும் ஒட்டாமல் போவதுண்டு, இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று பதில் போட்டார். ஒட்டாமல் போகக் கூடும் என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிந்ததால், அவளுடைய சொந்த மஜ்ஜையைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தி இருந்தோம், அதைத் திருப்பிக் கொடுத்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றினோம் என்றும் எழுதியிருந்தார். இன்னொரு தடவை மாற்றினால் உடம்பு தாங்காது, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்திருந்தார். ஈஸ்வரி அதற்கப்புறம் பதினாறு வயது வரை இருந்தாள்.

அவர்கள் ஊர் திரும்பிய மாதம், ரத்தம் ஏற்றுகிற நாள் வந்தது. பேச்சி பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைக்கு ஏத்தணும்க்கா."

ஒரு வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த குரல். தலையை ஆட்டினேன். அவளுக்குப் பின்னால் சுருளி நின்றுகொண்டிருந்தான். அவனும் அந்த அறைக்குள் வந்து அத்தனை நாளாகியிருந்தது. ஈஸ்வரிக்கு முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. அவன் அந்தத் தலையைத் தடவிவிட்டு என்னிடம் வந்தான்.

"என்னாலதானாக்கா?"

"யாராலன்னு யாருக்கும் தெரியாது சுருளி. நீ குடுத்த. ஏத்துனது நான்."

 அவன் சட்டையின் இடது கையை மெதுவாக மடித்துவிட ஆரம்பித்தான்.

"இனிமே நான் குடுக்கலாம்ல?"

என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டான். கூடாது என்று நான் சொன்னால் மஜ்ஜை மாற்ற இன்னும் ஏதோ ஒரு வழி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கலாம்" என்றேன்.

பேச்சி திரும்பிக்கொண்டாள். சுருளி படுத்துக் கையை நீட்டினான். ரப்பர் குழாயைக் கட்டினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த நரம்பு அது, எத்தனையோ தடவை முதல் குத்திலேயே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது.